ஒரு நாள் மட்டும் குருவாயிருந்த ஆயர்

அந்த ஆயர் ஒரு சனிக்கிழமை குருவானார். ஞாயிற்றுக்கிழமை ஆயரானார். இடையில் ஓர் இரவு.

பல்கலைக்கழக நூலகத்தின் நான்காம் மாடியில் இதை வாசித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டே அடிக்குறிப்பைப் பார்த்தேன். அடிக்குறிப்புச் சொன்ன தடித்த புத்தகத்தைத் தேடி எடுத்துவந்து அதிலும் பார்த்தேன். பிழை இல்லை. பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசரின் பொருளாளராக இருந்தவர், அரசரின் முத்திரையைக் காவல் காத்தவர், நான்கு ஊர்க் கோயில்களுக்குப் பங்குக்குரு என்று தன் பெயரைப் பதிந்துகொண்டு அவற்றில் மூன்றை எட்டியும் பாராதவர். ஆயராவதற்கு முதல்நாள் வரை அவருக்குப் பூசை வைக்கவே உரிமை இருக்கவில்லை.

நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். இன்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நான் வளர்ந்த வீட்டில், பத்திரிகையில் ஆயர் ஒருவரின் படம் வந்திருந்தால் அம்மா அந்தத் தாளை மடித்து அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவார். அதை விரித்து அதன்மேல் மீன் வெட்டமாட்டார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஆயர்களின் அந்த உயர்ந்த தொப்பியைத் தெரியும். அது போதும்.

அந்த மனிதரை நானாகத்தான் தேர்ந்தெடுத்தேன். பேராசிரியை முதல் வகுப்பிலேயே ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். இடைக்கால இங்கிலாந்தின் இருபது பேர், ஒவ்வொருவருக்கும் எதிரே ஒரு வரி. பிரபுவின் மகன், பிரபுவின் மருமகன், அரசரின் ஒன்றுவிட்ட சகோதரர் என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் ஒருவருக்கு நேரே மட்டும் ‘சிறு குடியானவன் ஒருவனின் மகன்; ஆயர், அரச அதிகாரி’ என்று இருந்தது. நான் அடுத்த வரியை வாசிக்கவில்லை. கையை உயர்த்தி, எனக்கு இவர் வேண்டும் என்றேன். என் குடும்பத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். குடியானவன் மகன் எப்படி அரசரின் பக்கத்தில் போய் நின்றான் என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

வீட்டில் அப்பா கேட்டார். அப்போது நாங்கள் கியூபெக்கில், செயின்ட்-மிஷேல் பகுதியில், தெப்பனேர் என்று சொல்லும் ஒரு மூலைக்கடைக்கு மேலே உள்ள வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் சபனெல் தெருவில் ஒரு தையல் ஆலையில் வேலை. குளிர்கால கோட்டுகளுக்கு நீராவி அயன் பிடிப்பார். வேலையால் வந்து கையைக் குளிர்ந்த தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கதைப்பது வழக்கம்.

“ஆரைப் பற்றி எழுதுறாய்?”

“ஒரு பிஷப்பைப் பற்றி, அப்பா. இங்கிலாந்துப் பிஷப்.”

“புனிதரோ?”

“தெரியாது. இனித்தான் வாசிக்கவேணும்.”

“பிஷப் எண்டால் பேந்தென்ன, புனிதர்தான்” என்றார் அப்பா.

அவ்வளவுதான் கதைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படியிறங்கும்போது மாஸ்டர் என் தோளைப் பிடித்தார்.

மாஸ்டர் என்றால் எங்கள் தமிழ்ப் பங்கில் ஒருவர்தான். ஊரில், மன்னார்ப் பக்கத்தில், அப்பாவின் கிராமத்துப் பள்ளியில் படிப்பித்தவர். எழுபது வயதிருக்கும். மகளின் ஸ்பொன்சரில் வந்து பக்கத்து அஹுன்ட்சிக் பகுதியில் இருந்தார். பங்குச் சபையின் தலைவர். ஒரு பழைய பிரெஞ்சுக் கோயிலில் எங்களுக்குக் கிடைத்த மத்தியானப் பூசையும் கீழ்மண்டபமும் அவருடைய கையில்தான் இருந்தன. மண்டபக் கதவின் திறப்பும் அவருடைய கோட்டுப் பைக்குள்தான்.

“நீ ஒரு புனித ஆயரைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறியாம். கொப்பர் சொன்னவர். நல்லது, நல்லது. மேயில உறுதிப்பூசுதலுக்கு உதவி ஆயர் வாறார். மண்டபத்தில ஒரு பத்து நிமிசம் பேசு. பிரெஞ்சிலயும் பேசு, தமிழிலயும் பேசு. எங்கட பிள்ளையள் எப்பிடிப் படிக்குதுகள் எண்டு அவரும் பாக்கட்டும்.”

“மாஸ்டர், அவர் புனிதர் எண்டு நான் சொல்லேல்ல…”

“அடக்கம் நல்லது. ஆனா கனக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அப்பா இரண்டு படி கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மலர்ந்த முகத்தைப் பார்த்தபின் நான் மாஸ்டரைத் திரும்பக் கூப்பிடாமல் விட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. அதே நாளில் உதவி ஆயர் புதிய பங்குச் சபையையும் ஆசீர்வதிக்க இருந்தார். சபையில் அதுவரை மாஸ்டரைத் தவிர ஆறு பேர். ஒவ்வொரு முறையும் அதே வீட்டு ஆட்கள்தான்: அண்ணை போனால் தம்பி, தம்பி போனால் மச்சான். அந்த வருடம் ஏழாவதாக ஓர் இடம் கூட்டினார்கள். அதற்கு அப்பாவின் பெயர். மாஸ்டரே போட்டிருந்தார். பன்னிரண்டு வருடமாகக் கதிரை அடுக்கியவர், மாதா சுரூபத்துக்குத் தோள் கொடுத்தவர், சோற்றுச் சட்டி கழுவியவர், கூட்டம் தொடங்கியதும் வெளியே போய்க் கதவைச் சாத்துகிறவர். அந்தக் கதவுக்கு உள்ளே இருக்கப்போகிறார். ஆலையில் கூட வேலை செய்யும் ஹெயிட்டிக்காரரிடம்கூட அப்பா அதைச் சொல்லியிருந்தார். அவருக்கு என்ன விளங்கியதோ, அப்பாவை ‘மொன்சிஞ்ஞர்’ என்று, ஆயரைக் கூப்பிடுவதுபோல, கூப்பிடத் தொடங்கிவிட்டாராம். அதை அப்பா எங்களிடம் மூன்று தரம் சொன்னார்.

ஆகவே நான் வாசித்தேன். புனிதத்தைத் தேடித்தேடி வாசித்தேன். ஓர் ஏழையின் காலைக் கழுவியிருக்கமாட்டாரா, ஒரு தொழுநோயாளிக்குக் கஞ்சி கொடுத்திருக்கமாட்டாரா என்று பார்த்தேன். கிடைத்ததெல்லாம் வேறு. பதவியேற்று ஒரு வருடத்துக்கு மேல் அவர் தன் பேராலயத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. அவருடைய பதிவேட்டில் கடிதங்கள் எங்கிருந்து எழுதப்பட்டன என்று ஊர்ப்பெயர்கள் இருக்கும். நான் ஒரு தாளில் அவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தேன். இலண்டன், இலண்டன், இலண்டன், பிறகு வடக்கே போர்க்களம், பிறகு திரும்பவும் இலண்டன். குருப்பட்டம் கொடுக்கவும் பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் கொடுக்கவும், தனக்கென ஒரு மறைமாவட்டம் இல்லாத யாரோ ஓர் ஆயரைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்.

இரவுச் சாப்பாட்டில் தங்கச்சி கேட்டாள். அவளுக்குத்தான் உறுதிப்பூசுதல். பதின்மூன்று வயது. வீட்டில் பிரெஞ்சில் சண்டை பிடிப்பாள், தமிழில் பகிடி விடுவாள்.

“அண்ணா, உங்கட பிஷப் புதுமை, அற்புதம் எண்டு என்ன செய்தவர்?”

“ஒண்டும் இல்லை. வரி சேர்த்தவர்.”

“எல்லாரும் கட்டினவையோ?”

“கட்டினவை.”

“அப்ப அதுதான் புதுமை.”

அப்பா சிரிக்கவில்லை. “பிஷப்பைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில பகிடி வேண்டாம்” என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

பேராசிரியையிடம் போனேன். அவர் கியூபெக்காரி, ஐம்பது வயதுக்காரர், அறை முழுக்கப் புத்தகமும் ஒரு காய்ந்த செடியும். நான் போய் இருந்ததும் கொட்டித் தீர்த்தேன். ஒரு நாள்தான் குருவாயிருந்தார் மேடம், பூசையே வைக்காதவர் மேடம், ஆட்டைப் பார்க்காத மேய்ப்பர் மேடம். அவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

“அந்தக் காலத்தில் அது வழக்கம்” என்றார். “அரசருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தவன் தேவை. அவனுக்குச் சம்பளம் கொடுக்க அரசரிடம் பணமில்லை, ஆனால் கோயில்கள் இருந்தன. பாதி ஆயர்கள் இப்படித்தான். இவரைவிட அவர்கள் ஒன்றும் மேலில்லை. நீ அவரிடம் என்ன எதிர்பார்த்தாய்?”

“பூசை வைப்பார் என்று எதிர்பார்த்தேன்.”

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் மேல் தட்டிலிருந்து ஒரு சாம்பல்நிறப் புத்தகத்தை எடுத்தார். ஆயருக்குச் சொந்தமான பண்ணைகளின் நீதிமன்றப் பதிவுகள். ஆயர் என்றால் கோயிலுக்கு மட்டும் தலைவர் இல்லை, பெரிய நிலக்கிழார். நிலத்தோடு கட்டுண்ட குடிகள் அவருக்கு இருந்தார்கள். அந்தக் குடிகள் மகளுக்குக் கலியாணம் செய்யவும் மாட்டை விற்கவும் அவரைக் கேட்கவேண்டும்.

“கோபப்படுவதானால் கோபப்படத் தகுந்த ஒன்றைப் பார்த்துக் கோபப்படு” என்று புத்தகத்தைத் தந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் நூலகத்தில் அந்தப் பதிவு என் கண்ணில் பட்டது. இரண்டே வரி. ஒரு குடியானவன் ஆயரின் அனுமதி இல்லாமல் தன் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டான். அவனுக்குத் தண்டம். மகனைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்று கட்டளை.

நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். எதிரே இருந்த பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, உடம்புக்கு ஏதுமா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிக் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்து மறுபடியும் வாசித்தேன். ஆயர் யாருடைய மகன்? சிறு குடியானவன் மகன். அவரை ஒருவன் பள்ளிக்கு அனுப்பினான். யாரையோ கேட்டோ கேளாமலோ அனுப்பினான். அதனால்தான் அவர் எழுதினார், எண்ணினார், முத்திரை குத்தினார், ஆயரானார். அவருடைய பண்ணையில், அவருடைய பெயரில், இன்னொரு தகப்பன் அதைச் செய்ததற்குத் தண்டம். ஆயர் இந்த வழக்கைக் கண்ணால் கண்டிருக்கவே மாட்டார், காரியஸ்தர் செய்திருப்பார் என்று பேராசிரியை பிறகு சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

அந்தக் குடியானவனின் பெயர் பதிவில் இருந்தது. மகனுக்குப் பெயர் எழுதவில்லை. அடுத்த வருடத்துச் சுருள் தொலைந்துவிட்டது என்று பதிப்பாசிரியர் குறிப்பு எழுதியிருந்தார். மகன் திரும்பி வந்தானா என்று யாருக்கும் தெரியாது.

விழாவுக்கு முதல்நாள், சனிக்கிழமை பின்னேரம், அப்பாவும் நானும் மண்டபத்தில் கதிரை விரித்துக்கொண்டிருந்தோம். இரும்புக் கதிரைகள். விரிக்கும்போது விரலைக் கடிக்கும். நூற்றிருபது கதிரை. பாதி விரித்த பிறகு நான் சொன்னேன், என்னால் பேச முடியாது என்று.

“ஏன்? காய்ச்சலோ?”

“இல்லை அப்பா. அந்தாள் நல்ல ஆள் இல்லை.”

அப்பா கதிரையை நிலத்தில் வைத்தார். “ஆரைச் சொல்லுறாய்?”

“பிஷப்பை.”

“வாயைக் கழுவு. கோயிலுக்குள்ள நிண்டுகொண்டு.”

“கோயில் மேல, அப்பா. இது மண்டபம்.”

“எனக்குப் படிப்பிக்காதை.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நாள் குருவானதைச் சொன்னேன். அப்பாவின் முகம் சிவந்தது, நான் பொய் சொல்கிறேன் என்பதுபோல. புத்தகத்தில் இருக்கிறது என்றேன். ஆர் எழுதின புத்தகம், எங்கட வேதக்காரரோ என்று கேட்டார். எழுதினவர்களில் ஒருவர் குருவானவர்தான் என்றேன். பிறகு நான் அந்த இரண்டு வரியைச் சொன்னேன். பள்ளிக்கு அனுப்பின தகப்பனை, தண்டத்தை, கட்டளையை.

அப்பா கதிரையை விரித்து அதில் இருந்தார். விழாவுக்கு விரித்த கதிரையில் அவர் இருந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“அந்தப் பெடியன் திரும்பி வந்தவனோ?”

“தெரியாது. அதுக்குப் பிறகு உள்ள பக்கம் இல்லை.”

“ஒருக்கா நல்லாத் தேடிப் பாத்தியோ?”

“பாத்தனான் அப்பா.”

பிறகு, ஆலையில் இன்று என்ன நடந்தது என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்.

“என்னையும் மூண்டாம் வகுப்பில மறிச்சவை.”

எனக்குத் தெரிந்த கதை அதுவல்ல. அப்பாவுக்குப் படிப்பு ஏறவில்லை, தானாகவே நின்றுவிட்டார் என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். அவரே சொல்லிச் சிரிப்பார், என் தலை களிமண் என்று.

“எங்கட அப்பு சம்மாட்டியின்ர கரைவலை இழுத்தவர். வலை சம்மாட்டியின்ர, இழுக்க ஆள் காணாது. சம்மாட்டி போய்ப் பள்ளிக்கூடத்தில சொல்லிப்போட்டார், உவன்ர பிள்ளையளையும் கணக்கில வைச்சுத்தான் நான் உவனை வைச்சிருக்கிறன் எண்டு. அண்டைக்குக் காலமை வாத்தியார் இடாப்பில பேர் கூப்பிடுறார். என்ர பேர் வரேல்ல. நான் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தனான். பேர் முடிஞ்சுது. இடாப்பை மூடினார். பக்கத்தில இருந்த பெடியன் சொன்னான், உன்ர பேரைச் சிவப்பு மையால வெட்டியிருக்கு, நான் பாத்தனான் எண்டு. நான் எழும்பிக் கரைக்குப் போனன்.”

“ஆர் அப்பா வெட்டினது?”

“அது இப்ப ஏன்.”

“அப்பு ஒண்டும் கேக்கேல்லையோ?”

“ஆரிட்டப் போய்க் கேக்கிறது? சம்மாட்டியும் கோயில் மூப்பர், பள்ளிக்கூடமும் கோயிலின்ர.” அவர் எழுந்து அடுத்த கதிரையை எடுத்தார். “என்ர தலை களிமண் இல்லையடா. ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியும் எனக்கு.”

இருபத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதர். எழுநூறு வருடத்துக்கு முந்தின ஓர் ஆயரைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது. இவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

“நாளைக்கு உதைச் சொல்லு” என்றார் அப்பா.

“எதை?”

“அந்தத் தகப்பனை. பேர் இருக்கெண்டு சொன்னியெல்லோ, பேரையும் சொல்லு. வடிவா, எல்லாருக்கும் கேக்கச் சொல்லு.”

“அப்பா, மாஸ்டர் புனிதர் கதை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். கோவிச்சாரெண்டால் உங்கட சபை இடம்…”

“நீ சொல்லப்போறது இங்கிலாந்துக் கதை. அதுக்கும் இதுக்கும் என்ன?” என்றார். ஆனால் அடுத்த கதிரையை விரிக்கும்போது அவருடைய விரலைக் கதிரை கடித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உறுதிப்பூசுதல் முடிந்து எல்லோரும் கீழே வந்தார்கள். தங்கச்சி நெற்றியில் எண்ணெய் மினுங்க நடந்து வந்தாள். அதைத் துடைக்கக்கூடாது என்று அம்மா அவளுக்குப் பின்னாலேயே திரிந்தார். முன்வரிசையில் உதவி ஆயர், அவருக்குப் பக்கத்தில் மாஸ்டர், மாஸ்டருக்குப் பக்கத்தில் சபைக்குத் தெரிவான ஆட்கள், கடைசிக் கதிரையில் அப்பா. கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பிறகு மாஸ்டர் அப்பாவைக் கையசைத்துக் கூப்பிட்டுத் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். மகன் பேசப்போகிறான் என்பதற்காக. அப்பா அந்தக் கதிரையின் நுனியில் இருந்தார்.

நான் முதலில் பிரெஞ்சில் சொன்னேன், பிறகு தமிழில். ஒரு நாள் குருவான கதையைச் சொன்னபோது உதவி ஆயர் வாய்விட்டுச் சிரித்தார். “நான் இருபத்தாறு வருடம் குருவாயிருந்தேன், தப்பினேன்” என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் மண்டபமே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார், ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு ஏதோ பிசகுகிறது என்று விளங்கியிருக்கவேண்டும்.

பிறகு அந்த இரண்டு வரியைச் சொன்னேன். குடியானவனின் பெயரைச் சொன்னேன், வடிவாக, இரண்டு தரம். தன் மகனைப் படிக்க அனுப்பியதற்காக ஓர் ஆயரின் பெயரால் தண்டிக்கப்பட்ட தகப்பன் என்றேன். ஆயரும் அப்படி ஒரு தகப்பனின் மகன்தான், அதை அவர் மறந்துவிட்டார் என்றேன். மகனின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்றேன். அதோடு முடித்தேன். கைதட்டுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. தங்கச்சி மட்டும் தட்டினாள். அம்மா அவள் கையைப் பிடித்தார்.

நான் இறங்கி வந்து அப்பாவுக்குப் பின்வரிசையில் இருந்தேன். அதனால்தான் எனக்குக் கேட்டது.

மாஸ்டர் முன்னே பார்த்தபடியே, உதடு அசையாமல், “உன்ர பெடியன் என்னைத்தானே சொன்னவன்?” என்றார்.

அப்பா, “இல்லை மாஸ்டர். அவன் இங்கிலாந்துப் பிஷப்பைச் சொன்னவன்” என்றார்.

“நீதான் சொல்லிக் குடுத்தனி.”

“இல்லை மாஸ்டர். உங்கட பேர் நான் இண்டுவரைக்கும் என்ர வீட்டில சொன்னதில்லை.”

மாஸ்டரின் காது சிவந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதான, மயிர் முளைத்த, நன்றாகச் சிவந்த ஒரு காது.

“பள்ளிக்கூட மனேச்சர் சுவாமி சொன்னார், நான் உன்ர பேரை வெட்டினனான். எனக்கு அப்ப இருபத்திமூண்டு வயசு. முதல் வேலை” என்றார்.

“தெரியும் மாஸ்டர்.”

பன்னிரண்டு வருடம் அப்பா இந்த மனிதருக்குக் கதிரை விரித்தார், கதவு சாத்தினார், ‘ஓம் மாஸ்டர், ஓம் மாஸ்டர்’ என்றார். மாஸ்டர் ஏன் இந்த வருடம் அப்பாவின் பெயரைப் போட்டார் என்றும் எனக்கு அப்போது மனதில் ஓடியது. அதை நான் அவரிடம் கடைசிவரை கேட்கவில்லை.

அறிவிப்பாளர் மாஸ்டரைக் கூப்பிட்டார். மாஸ்டர் எழுந்து முன்னே போய்ப் பையிலிருந்து தாளை எடுத்தார். உதவி ஆயர் ஒரு தட்டில் கயிறு கோர்த்த மரச்சிலுவைகளை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மாஸ்டர் பெயர் வாசிக்க, ஒவ்வொருவராகப் போய்க் கழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்பா கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். நான்கு, ஐந்து. ஆறாவது பெயருக்குப் பிறகு மாஸ்டர் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதை மடித்தார். “நன்றி” என்றார்.

வேண்டுமென்று விட்டாரா, அவருக்குக் கண் தெரியாமல் போய்விட்டதா, எனக்கு இன்றுவரை தெரியாது.

மண்டபத்தில் எல்லோருக்கும் ஏழு பேர் என்று தெரியும். முன்வரிசையில் ஆறு பேரும் கழுத்திலிருந்த சிலுவையைச் சரிசெய்தார்கள். ஒரு மனிசி இருமினார். அம்மா இரண்டு கையாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். நான்தான் இதைச் செய்தேன். எழும்பிக் கத்தலாமா என்று நினைத்தேன். எழும்பவில்லை.

உதவி ஆயருக்கு இது ஒன்றும் தெரியாது. அவர் தட்டைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். ஒரு சிலுவையைக் கயிற்றில் பிடித்துத் தூக்கிக் காட்டி, இன்னும் ஒன்று மிஞ்சியிருக்கிறதே, இது யாருடையது என்று பிரெஞ்சில் கேட்டார். மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் மடித்த தாளைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா எழுந்தார்.

அவர் எழுந்த விதத்தைப் பார்த்து, வெளியே போகப்போகிறார் என்றே நினைத்தேன். கதவு அந்தப் பக்கம்தான். ஆனால் அவர் திரும்பவில்லை. “செ பூர் முவா, மொன்சிஞ்ஞர்” என்றார். அது எனக்கு என்று. நீராவிச் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல். மண்டபத்தின் பின்சுவர்வரை கேட்டது. பிறகு தன் முழுப்பெயரையும் சொன்னார், தகப்பன் பெயரோடு சேர்த்து.

அவர் முன்னே நடந்து போனார். உதவி ஆயர் குள்ளமான மனிதர், ஆனாலும் அப்பா தேவைக்கு அதிகமாகக் குனிந்தார். “இவ்வளவு வேண்டாம், மிசியு” என்று அவர் அப்பாவின் தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டுச் சிலுவையைப் போட்டார். அப்போதுதான் பின்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். யார் என்று தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். பாதி மண்டபம் தட்டியது. மற்றப் பாதி தட்டவில்லை. அதையும் சொல்லவேண்டும். சபைக்குத் தெரிவான ஆறு பேரில் இரண்டு பேர்தான் தட்டினார்கள்.

பிறகு சாப்பாடு. வரிசை நீளமாக நின்றது. மாஸ்டர் தட்டை ஏந்திக்கொண்டு, பரிமாறும் மேசைக்குப் பக்கத்தில், யாரோடும் கதைக்காமல் நின்றார். மற்ற நாட்களில் அந்த மேசைக்குப் பின்னால் கரண்டியோடு நிற்பது அப்பா. அன்று அவர் பழக்கத்தில் மேசைக்குப் பின்னால் போகப்போய், பாதியில் நின்று, திரும்பி வரிசைக்கு வந்தார். அவருக்கு நேரே மாஸ்டர். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். இன்னும் ஒரு சொல் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பாதான் கதைத்தார்.

“மாஸ்டர், சபைக் கூட்டம் எப்ப?”

மாஸ்டர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தில் தொங்கியதைப் பார்த்தார். “வாற புதன்” என்றார். பிறகு, “பின்னேரம் ஆறரைக்கு. பிந்தக்கூடாது” என்றார்.

“வாறன்” என்றார் அப்பா.